ஏற்காட்டுக் காட்டுக்கு சென்ட் என்ன விலை?

ஏற்காட்டில் இடம் என்ன ரேட் என்று சேலத்தில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ரோட்டுமேல் இருந்தால் ஒரு விலை, பள்ளத்தாக்கு தெரிந்தால் ஒரு விலை. சமீபத்தில் ஒரு புரோக்கர் பக்கத்துச் சரிவைக் காட்டி, "அது ஃபாரஸ்டுங்ணா, ஒண்ணுக்கும் ஆகாதுங்க" என்றார்.

சரி, ஆகும் என்று வைத்துக்கொண்டால் என்ன விலை? அதற்கும் கணக்கு இருக்கிறது. நிலம்பூர் கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு வளர்ந்து வளர்ந்து, காட்டை வேறு வேலைக்கு எடுப்பவர் அதன் 'நிகர இன்றைய மதிப்பை', அதாவது அந்தக் காடு தரும் பலன்களுக்கு ரூபாயில் போட்ட மதிப்பை, கட்ட வேண்டும் என்பதில் வந்து நின்றது. 2008-ல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய். 2022-ல் ஏற்றினார்கள், அடர்ந்த, உயர்ந்த வகைக் காட்டுக்கே சுமார் 16 லட்சம்தான். ஹெக்டேர் என்பது 247 சென்ட். வகுத்துப் பாருங்கள், சென்ட்டுக்கு 6,500 ரூபாய்கூட வரவில்லை. இந்த ரேட்டுக்கு ஏற்காட்டில் எந்த புரோக்கரும் போனை எடுக்க மாட்டார்.

இந்தத் தொகையே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. முன்பு இதுவும் கிடையாது. ஆனால் இதை அபராதமாக வாங்க வேண்டும், கிரயமாக வாங்கக் கூடாது. கட்டியவர் 'காசு கொடுத்தாச்சே' என்று கை கழுவிவிடுகிறார். பதிலுக்கு வேறெங்கோ மரம் நடுகிறார்கள். அந்த மரம் நன்றாகவே வளரட்டும். மலைக்குக் கீழே சேலத்தில் இருக்கிற மூக்கனேரி ஏரிக்கு அது தண்ணீர் அனுப்புமா?

மழை நாளில் மலைப்பாதையில் வண்டியை ஓரம் கட்டிப் பாருங்கள். ரோட்டுக்காக ஜேசிபி வெட்டிய மேட்டிலிருந்து வருவது செம்மண் குழம்பு. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடும். பத்தடி தள்ளி, காட்டுச் சரிவின் கல் இடுக்கில் விரல் தடிமனுக்கு ஒரு கசிவு, தெளிந்த தண்ணீர். அது மறுநாளும் வழியும். மேலே சருகை விலக்கினால் கறுப்பு மண், அதில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை, சல்லி வேர். பெய்த மழையை அங்கேயே பிடித்துவைத்து மெதுவாக விடுகிற வேலையை இவைதான் செய்கின்றன. சேலத்துக்குள் இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற திருமணிமுத்தாறும், ஓமலூர் வழியாகப் போகிற சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. காடு இருந்தால் சரிவே வராது என்று நான் அளக்க மாட்டேன். அந்த மழைக்கு எதுவும் நடக்கும். ஆனால் வேர் இல்லாத மேட்டுக்கும் இருக்கிற மேட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ரோடு போடுவது வேறு விஷயம்.

"மலை பச்சையாத்தானே இருக்கு?" என்பார்கள். இருக்கிறது. அதில் நிறைய ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்த காபிக்கு நிழல் தேவை, மிளகுக் கொடி ஏறவும் மரம் தேவை. தப்பில்லை, அது தோட்டம். காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த பழைய எஸ்டேட்டுகளில் பறவைச் சத்தமே வேறு மாதிரி இருக்கும். காபி பூக்கும்போது வருகிற மலைத்தேனீ காட்டுப் பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கூடு கட்டுவது. அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று ஒரு சிறு மரம். ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலையின் பெயரே அதற்கு. அழியும் நிலையில் இருக்கிறது. நானறிய எந்தச் சந்தையிலும் அதற்கு விலை இல்லை, விற்கவும் எதுவும் இல்லை. அது இருக்கட்டும் என்பதற்குக் காரணம் கேட்டால் என்னிடம் ரூபாயில் பதில் கிடையாது.

மேலே இருக்கும் மலையாளி பழங்குடி மக்களிடம் இந்தக் குழப்பமே இல்லை. கடுக்காயையும் தேனையும் விற்பார்கள், அதற்கு விலை உண்டு. சேர்வராயன் சாமி இருக்கிற மலை விற்பனைக்கு இல்லை. அவர்கள் கண்ணெதிரேதான் இந்த மலையில் பாக்சைட் என்கிற அலுமினியத் தாதுவைத் தோண்டி லாரி லாரியாக மேட்டூருக்கு இறக்கினார்கள்.

2006 வன உரிமைச் சட்டத்தை வைத்து, காட்டை எடுக்குமுன் அவர்களுடைய கிராம சபையைக் கேட்டாக வேண்டும் என்ற நிலை வந்தது. கீழே தண்ணீர் குடிக்கிற நம்மை எந்தச் சபையும் கேட்பதில்லை, நாமும் கேட்டதில்லை. கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி பக்கம் இருப்பவர்கள் உங்கள் வீட்டு போர் எத்தனை அடி, முதலில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கமெண்டில் போடுங்கள். அந்தக் கணக்கையும் இந்த 6,500-க்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.