கண்ணாடி விரியனுக்கு மருந்து யார் வடிவமைப்பது?

பிசான நெல் சாகுபடிக்கு வயலில் இறங்கும் மாதங்களில் நெல்லை மாவட்டத்தின் அம்பை, சேரன்மகாதேவி பக்கம் எல்லாருக்கும் பாம்பு பயம் உண்டு. கடித்துவிட்டால் ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அங்கே ஏற்றுகிற விஷமுறிவு மருந்து இன்றைக்கும் குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பதுதான். 1890களில் வந்த வழி. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் குதிரைப் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, அதற்குத் தனி வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது.

2025 ஜனவரியில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பேக்கர் குழு (2024 வேதியியல் நோபலில் பாதி அவருக்கு) டென்மார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து, நல்ல பாம்பு வகையின் விஷத்திலுள்ள மூவிரல் நச்சை (மூன்று விரல் நீட்டியதுபோன்ற வடிவுள்ள நச்சுப் புரதம்) முடக்கும் புரதங்களை கம்ப்யூட்டரில் வடிவமைத்தது. இயற்கையில் எங்குமே இல்லாத புரதங்கள்! ஆர்எஃப்டிஃபியூஷன் என்ற ஏஐ மாடல் தாறுமாறான புள்ளிக் குவியலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சீராக்கி, நச்சின் மேல் கச்சிதமாக ஒட்டும் வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. அந்த வடிவில் மடிய 20 வகை அமினோ அமிலங்களை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்பதை புரோட்டீன்எம்பிஎன்என் என்ற இன்னொரு மாடல் சொல்கிறது. அந்த வரிசை நிஜமாகவே அப்படி மடியுமா என்று, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு சரிபார்க்கிறது. தேறியதை பாக்டீரியாவிலேயே வளர்த்து எடுக்கலாம், குதிரை தேவையில்லை. சாகும் அளவு நச்சு செலுத்திய எலிகளில் 80 முதல் 100 சதவீதம் பிழைத்தன.

சரி, எலிதான். மனிதருக்கு வர வருஷங்கள் ஆகும். என் கவலை அதுவல்ல. நெல் வயலில் நம்மைக் கடிக்கிற கண்ணாடி விரியனின் விஷம் வேறு ரகம். ரத்தம் உறைவதையே கெடுக்கும் நொதிகள் அதில் நிறைய. சிறுநீரகம் பழுதாகி, உயிர் தப்பியும் டயாலிசிஸில் கிடப்பவர்கள் உண்டு. அந்த நொதிகளுக்கு சியாட்டிலில் யாராவது வடிவமைப்பார்கள் என்று காத்திருக்க எனக்கு மனசில்லை.

புரத வடிவம் சரியா என்று பார்க்க உலகமே பயன்படுத்தும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து போனது. இன்றைய மாடல்களோ இலவசமாகவே கிடைக்கின்றன. அபிஷேகப்பட்டியிலும் பாளையங்கோட்டையிலும் பயோடெக் படிக்கிற பிள்ளைகள் நாளைக்கே தொடங்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் தரும் வடிவங்களில் பெரும்பாலானவை சோதனையில் தோற்கும். மரபணு வாங்கி, புரதத்தை வளர்த்து, சுத்திகரித்து, நிஜ விஷத்தோடு மோதவிட்டுப் பார்க்க ஆய்வகம் வேண்டும். செலவெல்லாம் அங்கேதான்.

விஷத்துக்கு, பாம்பு பிடித்து விஷம் எடுக்கும் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நோயாளிகளை அறிந்த மருத்துவர்கள் ஹைகிரவுண்டில் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்த, தென்மாவட்டங்களுக்கு ஒரு பொதுப் புரத ஆய்வகம் வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நம் எம்எல்ஏக்களிடம் கேட்போம்.