இடிப்பு மேலே, தலைவலி கீழே
"கட்டடத்தை இடித்து முடித்தால் மனை தயார்" என்று பழைய கட்டடங்களை இடிப்பது பற்றிய கட்டுரையில் இருப்பது மேல்தளங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். 1973-இல் திறந்து 2017 கடைசியில் மூடிய கோலாலம்பூரின் அம்பாங் பார்க் வணிக வளாகத்தை வெடி வைத்து ஒரே நாளில் முடித்திருக்கலாமே என்று அதன் கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே பூமிக்கடியில் எல்.ஆர்.டி. என்கிற இலகு ரயில் ஓடும்போது அந்த அதிர்வுக்கு யார் பொறுப்பு? நெரிசலான இடங்களில் உச்சியிலிருந்து தளம் தளமாகத்தான் இறங்க வேண்டும்: கீழே முட்டுக் கொடுத்து, தூசிக்குத் தண்ணீர் பீய்ச்சி, உடைந்த கான்கிரீட்டை அன்றன்றே அள்ளி. குவிய விட்டால் அந்தப் பாரத்திலேயே தளம் உட்கார்ந்துவிடும். பேஸ்மெண்ட் (நிலத்தடித் தளம்) இருந்தால் கதை வேறு. சுற்றிலும் மண்ணைத் தடுக்கும் சுவரைத் தாங்கி நிற்பதே அதன் தளங்கள்தான்; மாற்று முட்டு இல்லாமல் அவற்றை உடைத்தால் சுவர் உள்ளே சாயும், வெளியே சாலை விரிசல் விடும். போதாததற்குக் கோலாலம்பூரின் பல பகுதிகளில் அடியில் சுண்ணாம்புப் பாறை, அதற்குள் பொந்துகள். குழியிலிருந்து நீரை இறைக்க இறைக்க நிலத்தடி நீர் இறங்கி, பொந்துக்கு மேலிருக்கும் மண் சரிந்து திடீர்ப் பள்ளம் விழும். அதனால் சிமெண்ட் கரைசல் செலுத்திப் பொந்தை அடைத்த பிறகே ஆழமாகத் தோண்டுவார்கள். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தையே இந்தப் பாறைக்காக சுமார் 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூணைத்தான் பைல் என்பார்கள்; புது பைலுக்குக் குறுக்கே பழைய பைல் நின்றால், இரும்பு உறைக்குழாய் இறக்கிச் சுற்றிலும் துளைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். வேலியைத் தாண்டிப் பார்ப்பவருக்கு வேலையே நடக்காத மாதிரி தெரிவது பெரும்பாலும் அப்போதுதான்.