குதிரையேற்றக் கழகத்தின் வரலாறு லாடக் கணக்கில் இருக்கிறது

வெள்ளி விழா, பொன்விழா என்று குதிரையேற்றக் கழகங்கள் மலர் போடுகின்றன. புரட்டினால் வாழ்த்துரை, அதற்குப் பிறகு கோப்பையோடு நிற்கும் தலைவர்கள். இவ்வளவு பேரையும் முதுகில் சுமந்த குதிரைகளில் ஒன்றின் பெயர்கூட இருக்காது. ஆரம்ப காலத்தை எழுத உட்காருபவர்கள் முதலில் எடுப்பது கூட்டக் குறிப்பேட்டை. அதைக் கடைசியில் எடுங்கள் என்பேன். அதில் தீர்மானங்கள்தான் இருக்கும். நடந்தது என்னவென்று லாயத்துக் கணக்குதான் சொல்லும்.

முதலில் லாடக் கணக்கு. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி கட்ட வேண்டும். அப்படியானால் ஒரு குதிரைக்கு ஆண்டில் 7, 8 தடவை. ஓராண்டுக்கு மொத்தம் 60 தடவைக்குத்தான் கூலி கொடுத்திருக்கிறார்கள் என்றால், மலரில் ‘20 குதிரைகளோடு தொடங்கினோம்’ என்று இருந்தாலும் நம்பாதீர்கள். வேலை பார்த்தவை எட்டுதான். (லாடமில்லாமல் வைத்திருந்த குதிரைகளுக்குச் சீவல் கூலி தனியாக இருக்கும், அதையும் பாருங்கள்.) இடைவெளி 12 வாரமாக நீண்டால் பணமுடை என்று சந்தேகிக்கலாம். குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். சீவாமல் விட்டால் முன்நுனி நீண்டு குதிகால் தாழும், காலின் பின்புற நாண் இழுபடும், குதிரை இடறும். அடுத்த சில பக்கங்களிலேயே ‘நொண்டல்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். கழகம் தள்ளாடத் தொடங்கியதைக் கூட்டக் குறிப்புக்கு முன்பே இந்த நோட்டு சொல்லிவிடும்.

தீவனக் கணக்கு இன்னும் நன்றாகப் பேசும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்ந்த நிலையில் உடல் எடையில் சுமார் 2 சதவீதம் தீவனம் வேண்டும். நாளைக்கு 9 கிலோ, பத்துக் குதிரைக்கு மாதம் 2,700 கிலோ. அதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். புல் குறைந்து தானியம் ஏறியிருக்கும் மாதங்களை அடிக்கோடிட்டு வையுங்கள். புல் கிடைக்காதபோது தானியத்தைக் கூட்டிச் சமாளிப்பது புதிய கழகங்கள் செய்யும் தவறு. குதிரையின் இரைப்பை உடலுக்குப் பொருத்தமில்லாத அளவு சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். ஒரே வேளையில் நிறையத் தானியம் போட்டால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துப் பொங்கும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. கோலிக் என்னும் வயிற்றுவலியும் குளம்பழற்சியும் இப்படித்தான் வருகின்றன. தீவனத்தை மாற்ற 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளாமல் ஒரே நாளில் மாற்றினாலும் இதே கதி. குறிப்பேட்டில் ‘நோயால் இறந்தது’ என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். காரணம் முந்தைய வாரத்துத் தீவனச் சீட்டில் இருக்கலாம்.

விழுந்தவர்கள் பட்டியல் இருந்தால், விழுந்தவர் பெயரை விட்டுவிட்டு, தள்ளிய குதிரையின் பெயரைப் பாருங்கள். ஒரே இரண்டு மூன்று பெயர்கள் மறுபடி மறுபடி வந்தால், பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று மலிவாக வந்தவையாக இருக்கும். கடிவாள வாரை இழுத்துப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்து வேகமெடுக்கப் பழகியது பந்தயக் குதிரை. புதிதாக ஏறுபவரோ நிலைதடுமாறினால் வாரைத்தான் பிடித்துத் தொங்குவார். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டி, வாரைத் தொடவிடாமல் உட்காரப் பழக்குவதற்கு லஞ்சிங் என்று பெயர். சரக்குப் பட்டியலில் 7, 8 மீட்டர்க் கயிறு எந்த ஆண்டு முதலில் வருகிறது? அது வந்த பிறகு விழுந்தவர் எண்ணிக்கை குறைந்ததா? என்னைக் கேட்டால், முதல் கோப்பை வாங்கிய ஆண்டைவிட இது முக்கியமான ஆண்டு.

பெண்கள் விஷயத்தில் கோப்பைப் பட்டியல் பொய் சொல்லும். 1948 வரை ஒலிம்பிக்கில் டிரெசாஜ் (குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும்) போட்டி ராணுவ அதிகாரிகளுக்கும் ‘கனவான்களுக்கும்’ மட்டுமே. அணித் தங்கம் வென்ற சுவீடனின் வீரர் ஒருவர் உண்மையில் அதிகாரி இல்லை என்று தெரிந்ததும் பதக்கத்தையே பறித்தார்கள். 1952இல் தான் பெண்களுக்கு வழி திறந்தது. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் அந்த ஆண்டே வெள்ளி வென்றார். பதக்கப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அதற்கு முன் பெண்கள் ஏறவில்லை என்று எழுதிவிடாதீர்கள். சரக்குப் பட்டியலில் ஒருபக்கமாகக் கால் போட்டு அமரும் சேணம் ஒன்று இருந்தால் போதும், அது ஆண்களுக்காக வாங்கியதாக இருக்காது.

பழைய புகைப்படத்தில் தேதி இல்லையா? தடை தாண்டும் படமாக இருந்தால் உட்காரும் விதத்தைப் பாருங்கள். தாண்டும்போது பின்னால் சாய்வதுதான் பழைய முறை. முன்னால் குனிந்து குதிரையின் முதுகை விடுவிக்கும் முறையை இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907) வகுத்தார். குனிந்த படம் அதற்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். சாய்ந்த படம் எதையும் நிரூபிக்காது, பழைய முறையை விடாமல் பிடித்திருந்தவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள்.

இந்த நோட்டுகளெல்லாம் பெரும்பாலும் சேண அறையில், எண்ணெயும் ஈரமும் பட்டுக் கிடக்கும். பிரித்துத் தைக்க அவசரப்படாமல், இருக்கிற நிலையிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். எடுத்ததும் பழைய குதிரைக்காரர் யாராவது இருந்தால் அவரோடு உட்கார்ந்து, நோட்டிலுள்ள ஒவ்வொரு பெயரும் என்ன நிறம், எந்தக் காலில் வெள்ளை, எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.