வியூவர் சண்டையில் ஆல்ட் பட்டியல் எதற்கு?

இணையத்தில் அவதாராக, அதாவது ஒரு பொம்மை உருவமாக, உலவும் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் சுற்றும் நம் கோலாலம்பூர், பினாங்கு நண்பர்களுக்காக எழுதுவது இது. அந்தப் பக்கமே வராதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நடுநடுவே விளக்கிவிடுகிறேன்.

சில நாளாக நம் புலன (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே பேச்சு. ஏதோ ஒரு வியூவர், அதாவது அந்த உலகத்துக்குள் நுழையக் கணினியில் போடும் மென்பொருள், கடவுச்சொல்லைத் திருடுகிறதாம். யார் சொன்னது? வேறொரு குழுவில் ஓர் அக்கா சொன்னாராம். அவருக்கு யார் சொன்னது என்பது இன்றுவரை தெரியவில்லை. மறுநாளே வியூவரை எல்லோரும் மறந்தாயிற்று. அதைப் பரிந்துரைத்த தம்பிக்கு எத்தனை ஆல்ட், எந்தக் கடைக்காரரோடு சண்டை, யாரோடு பிரிந்தார் என்று பேச்சு போய்விட்டது. ஆல்ட் என்றால் அதே ஆள் வைத்திருக்கும் இன்னொரு அவதார். குழுவில் யாருக்கு எது ஆல்ட் என்று செந்தூல் அண்ணன் ஒருவர் பட்டியலே போட்டுவிட்டார்.

வம்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வம்பு பேசியதால் நன்மை நடந்த கதையும் உண்டு. 2003-இல் இந்த உலகத்தைத் திறந்த லின்டன் லேப், 2007 ஜனவரியில் வியூவரின் மூல நிரலை வெளியிட்டது. அதனால்தான் வெளியாட்களும் சொந்தமாக வியூவர் செய்ய முடிந்தது. அப்படி வந்தவற்றில் எமரால்ட் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. அதைப் பற்றி முணுமுணுப்பு ரொம்ப நாளாகவே இருந்தது. 2010 ஆகஸ்டில் குட்டு உடைந்தது. அதன் லாகின் திரை, எமரால்ட் செய்தவர்களை விமர்சித்த ஒருவரின் தளத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் கணினியும் அவருக்கே தெரியாமல் அடுத்தவர் தளத்தின் மேல் கல்லெறிந்துகொண்டிருந்தது. லின்டன் லேப் எமரால்டைத் தன் வெளியாட்கள் வியூவர் பட்டியலிலிருந்து எடுத்தது. அந்தக் குழுவிலிருந்து விலகியவர்கள் ஃபீனிக்ஸ் என்று தொடங்கினார்கள், அதிலிருந்து வந்ததுதான் நம்மில் பலர் ஓட்டும் ஃபயர்ஸ்டார்ம்.

அந்த வம்பு ஜெயித்ததற்குக் காரணம், கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் இருந்தது. லாகின் திரை எங்கே போகிறது என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதைச் செய்தவர் நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றமே தேவைப்படவில்லை.

இன்னொரு கதை இருக்கிறது, செந்தூல் அண்ணன் கட்டாயம் படிக்க வேண்டியது. 2006 நவம்பரில் காப்பிபாட் என்ற நிரல் வந்து, அடுத்தவர் செய்த பொருளை அப்படியே நகலெடுக்க ஆரம்பித்தது. கடைக்காரர்கள் கடையையே மூடிப் போராடினார்கள். அந்தக் கோபம் நியாயமானது. நம் பட்டர்வொர்த் தங்கை அவதாருக்குச் சேலை செய்து விற்கிறாள், முந்தானை மடிப்பு சரியாக விழுவதற்கே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். அதை ஒருவன் நொடியில் நகலெடுத்தால் வயிறு எரியாதா? அந்த எரிச்சலை நம்பித்தான் ரெட்ஸோன் என்ற கருவி விற்பனைக்கு வந்தது. நிலத்தில் அதை வைத்தால், அங்கே வரும் அவதாரின் வியூவர் பாட்டோ படமோ இழுக்கும்போது அந்த இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைப் பிடித்துக்கொள்ளும். ஒரே முகவரியில் வந்த அவதார்களையெல்லாம் ஒரே ஆள் என்று கட்டிவிடும். திருடனைப் பிடிக்க என்று வாங்கியவர்கள் யாருக்கு யார் ஆல்ட் என்று நோண்ட ஆரம்பித்தார்கள். வம்புக்கு மெஷின் வைத்த மாதிரிதான்!

அந்த மெஷினுக்கு நம்மூர் வீடு எப்படித் தெரியும்? பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் அண்ணன், தங்கை, வாடகைக்கு இருக்கும் மாணவன் மூவரும் ஒரே ரூட்டர். மூவரும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். கைப்பேசித் தரவில் போனால் முன்பின் தெரியாத ஆயிரம் பேரோடு ஒரே முகவரியைப் பகிர்கிறோம். 2011-இல் எதிர்ப்பு வலுத்தபின் ரெட்ஸோன் சந்தையிலிருந்து போனது. ஒருவரின் ஆல்ட் பெயரை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்பது செகண்ட் லைஃபின் விதிகளிலும் எழுதியிருக்கிறது. மெஷின் போய்விட்டது, வேலையை இப்போது நம் குழு கையால் செய்துகொண்டிருக்கிறது.

நம் வட்டத்தில் இது இன்னும் ஆபத்து. அமெரிக்கக்காரருக்கு ஆல்ட் பெயர் வெளியானால் ஓர் அவதார் போகும், அவ்வளவுதான். இங்கே தமிழ் பேசும் அவதார் என்றாலே, எந்தத் தமிழ்ப்பள்ளி, எந்தக் கோயில் திருவிழாவில் தொண்டு செய்தார் என்று இரண்டு கேள்வியில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். தொல்லை கொடுத்தவனிடமிருந்து ஒதுங்கத்தான் ஆல்ட் வைத்திருக்கும் பெண்கள் குழுவில் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் அவர்கள் பெயரும் இருந்தது.

வதந்தி இங்கே வேகமாக ஓடுவதற்கு ஒரு காரணம் நேரம் என்று நினைக்கிறேன். அங்கே கலிஃபோர்னியா நேரம்தான் கணக்கு. மதியம் 12-க்கு ஒரு கூட்டம் என்றால் நமக்கு விடியற்காலை 3 மணி, குளிர்காலத்தில் 4. யார் விழித்திருப்பது? காலையில் அரைகுறையாகக் கேட்டவர் சொல்வதே செய்தி.

கடவுச்சொல் விஷயத்துக்கு வருவோம். அந்த வியூவர் யோக்கியம் என்று நான் சான்றிதழ் தரவில்லை. லின்டன் லேப் பட்டியலில் பெயர் இருப்பதும் முழு உத்தரவாதம் ஆகாது, அங்கே விதிகளுக்கு உட்படுகிறோம் என்று செய்பவர்களே சொல்லிச் சேர்வதுதான் முறை. ஆனால் கேட்க வேண்டியது வேறு: எந்தப் பதிப்பு, எங்கிருந்து இறக்கியது, கணக்குப் போனவர் அதற்கு முன் யாராவது அனுப்பிய 'மார்க்கெட்பிளேஸ்' (செகண்ட் லைஃபின் இணையக் கடை) சுட்டியில் போய்க் கடவுச்சொல்லைத் தட்டினாரா? போலிப் பக்கத்தில் கொடுத்துவிட்டு வியூவரைத் திட்டுவது நடக்கிற கதைதான். இதைக் குழுவில் கேட்டேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது, அப்புறம் அந்தத் தம்பியின் பழைய காதலி பற்றி ஒரு குரல்பதிவு.

சரி, குழு நிர்வாகி என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். பட்டியலை நீக்கிவிட்டேன், இனி வந்தாலும் நீக்குவேன், போட்டவர் எவ்வளவு பெரிய அண்ணனாக இருந்தாலும். வியூவரைப் பற்றிப் புகார் இருந்தால் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள், சனிக்கிழமை இரவு நாலு பேர் உட்கார்ந்து பார்ப்போம்.