நெயில் பாலிஷ் காயுற வரைக்கும்

(கண்ணாடி முன்னால் ஸ்டூலில் அக்கா. பத்து விரலையும் விரித்துக் காற்றில் தூக்கி வைத்திருக்கிறாள். தம்பி சத்தமில்லாமல் அறையை விட்டு நழுவப் பார்க்கிறான்.)

அக்கா: டேய், நில்லு. போனைக் கீழ வை. சீப்பை எடு.

தம்பி: எதுக்கு?

அக்கா: தலை வாரணும். நெயில் பாலிஷ் ஈரம். எதையும் தொட முடியாது.

தம்பி: தலையை வாரிட்டு அப்புறமா பாலிஷ் போட்டிருக்கலாம்ல?

அக்கா: யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. கை குடுக்கத்தான் ஆளில்ல. வா.

தம்பி: சரி, இந்த டி-ஷர்ட்டோடயேவா வெளிய கிளம்புற?

அக்கா: உனக்குச் சொன்ன வேலையை மட்டும் பாரு. பாதி முடியை மேல எடுத்து, ரெண்டு பக்கமும் முறுக்கி, பின்னால ஒண்ணா சேர்க்கணும். மீதி பாதி அப்படியே தொங்கணும். தெரிஞ்சவங்களுக்கு 10 நிமிஷ வேலை.

தம்பி: எனக்கு மீசையைக்கூட முறுக்கத் தெரியாதுக்கா.

அக்கா: முறுக்குற அளவுக்கு அங்க ஒண்ணும் இல்ல. மேஜையில பாரு. அகலப் பல் சீப்பு 1, வால் சீப்பு 1, பெரிய கிளிப் 2, ஹேர்பின் 4, சின்ன ரப்பர் 1. எண்ணு.

தம்பி: ரப்பர் இல்ல. பொட்டலம் கட்டுற ரப்பர் ஒண்ணு கிடக்கு, அது போதாதா?

அக்கா: தொடாத! அது முடியைக் கவ்வினா விடாது. கழட்டுறப்ப பத்து முடியையும் அறுத்துக்கிட்டுத்தான் வரும். கண்ணாடி மாதிரி தெரியுமே, மோதிர சைஸ்ல, சின்ன ரப்பர். அந்த டப்பாவுல பாரு.

தம்பி: கிடைச்சது. சரி, வார ஆரம்பிக்கிறேன்...

அக்கா: ஆஆ! மண்டையோட பிடுங்குறியா? உச்சியிலேர்ந்தா இழுப்பாங்க? மேலேர்ந்து இழுத்தா வழியில இருக்கிற சிக்கெல்லாம் கீழ போய் ஒரே முடிச்சா சேர்ந்துக்கும். நுனியில நாலு விரல் உசரத்தை முதல்ல வாரு. அது சீப்புக்கு வழி விட்டதும் இன்னும் கொஞ்சம் மேலேர்ந்து வாரு. அப்படியே ஏறிக்கிட்டே போ.

தம்பி: மாடிப்படி கழுவுறதுக்கு நேர் எதிர். அங்க மேலேர்ந்து கீழ.

அக்கா: ஏதோ ஒண்ணு. வாரு.

தம்பி: அக்கா, முடி கையில நிக்கவே மாட்டேங்குது. மீன் மாதிரி வழுக்குது.

அக்கா: (குரல் தாழ்ந்து) காலையிலதான் தலைக்குக் குளிச்சேன்.

தம்பி: அதுக்கென்ன?

அக்கா: அன்னைக்கே குளிச்ச முடியில எந்த முறுக்கும் பிடிக்காது. அதுவும் கண்டிஷனரை வேர் வரைக்கும் போட்டிருந்தா ஹேர்பின்னும் நழுவும். இந்த அலங்காரத்துக்கு முந்தின நாள் குளிச்ச முடிதான் தோது.

தம்பி: தெரிஞ்சுக்கிட்டேவா குளிச்ச?

அக்கா: ஹேர் ஸ்பிரேயை எடு. முடியில அடிக்காத, சீப்புல ஒரு தடவை அடிச்சு முன்பக்கத்தை வாரு. கொஞ்சம் சொரசொரப்பு வந்துடும். எண்ணெய் மட்டும் தடவிடாத. முடி கொத்துக் கொத்தா ஒட்டிக்கிட்டு நடுவுல மண்டை தெரியும்.

தம்பி: தண்ணி தெளிக்கவா?

அக்கா: வேணாம். ஈர முடி நீளும். அப்படியே இழுத்துக் கட்டினா சீக்கிரம் அறுந்தும் போகும். பொடிமுடி குத்திட்டு நின்னா மட்டும் விரல் நுனியை நனைச்சுத் தடவிக்கலாம். இப்ப வால் சீப்பு. நடுவுல எடுக்காம கொஞ்சம் ஓரமா வகிடு எடு. ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா வேணாம், லேசா வளைஞ்சு நெளிஞ்சு போகட்டும்.

தம்பி: என்னால நேராப் போட முடியாதுங்கறதுதான் பிரச்சினையே. ஆத்துப் பாதை மாதிரி வந்திருக்கு.

அக்கா: பரவால்ல, அழகாத்தான் இருக்கும். நேர்கோடு போட்டாத்தான் மண்டைத்தோல் பளிச்சுனு தெரியும்.

(இந்த வேலையில் தம்பிக்குக் கிடைத்த முதல் பாராட்டு இதுதான். அதுவும் தெரியாமல் செய்ததற்கு.)

அக்கா: இப்ப வலப்பக்கம். நெத்தியோரம் மெல்லிசா ஒரு இழையை விட்டுடு. அதுக்குப் பின்னால, வகிட்டுலேர்ந்து காதோட மேல்முனை வரைக்கும், மூணு விரல் அகலத்துக்கு ஒரு கற்றை எடு. 5 செ.மீ. இருக்கும்.

தம்பி: இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுத்தா வேலை சீக்கிரம் முடியுமே?

அக்கா: மேல நிறைய எடுத்தா கீழ தொங்க என்ன இருக்கும்? எலிவால்தான். ரொம்பக் கொஞ்சமா எடுத்தாலும் முறுக்கு நூல் மாதிரி ஆயிடும். என் முடி நடுத்தரம், மூணு விரல் சரியா இருக்கும். மெல்லிசா இருக்கிறவங்க ரெண்டு விரல் எடுத்தாப் போதும். எடுத்துட்டியா? முறுக்கு. முகத்தை விட்டு வெளிப்பக்கமா.

தம்பி: முறுக்கிட்டேன். பின் எங்க... இதோ... அய்யோ.

அக்கா: என்ன அய்யோ?

தம்பி: பின்னை எடுக்கக் கையை விட்டேன். பம்பரம் மாதிரி சுத்தி மொத்தமும் அவுந்துடுச்சு.

அக்கா: ஒத்தை முறுக்கு அப்படித்தான். பிடியை விட்ட நிமிஷமே பழையபடி ஆயிடும். பின்னை முன்கூட்டியே கையில வெச்சுக்கணும், இல்லேன்னா ரெண்டாப் பிரிச்சு முறுக்கணும்.

தம்பி: ரெண்டாப் பிரிச்சு... இரு, இரு. இது கயிறுக்கா!

அக்கா: என் தலைமுடிடா.

தம்பி: இல்லக்கா, கயிறு திரிக்கிற கணக்கு இதேதான். ஒவ்வொரு புரியையும் தனித்தனியா ஒரு பக்கம் திரிப்பாங்க. அப்புறம் ரெண்டு புரியையும் ஒண்ணு மேல ஒண்ணா எதிர்ப்பக்கம் சுத்துவாங்க. புரி ஒரு பக்கம் அவுரப் பார்க்கும், சுத்து இன்னொரு பக்கம் அவுரப் பார்க்கும். ஒண்ணை ஒண்ணு விடாது, ரெண்டும் அங்கேயே நிக்கும். ரெண்டையும் ஒரே பக்கம் திருப்பினா அவ்வளவுதான், கையை விட்டதும் புஸ்ஸுனு போயிடும்.

அக்கா: (ஒரு நொடி திகைத்து) அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

தம்பி: நீ எங்க சொன்ன?

அக்கா: வாயை விட்டுட்டுக் கையை ஓட்டு. ரெண்டு புரியும் முகத்தை விட்டு வெளிப்பக்கமாத் திரும்பணும். ஒண்ணு மேல ஒண்ணு போடுறது அதுக்கு எதிரா. ஒவ்வொரு சுத்துக்கும் முன்னால புரியை இன்னொரு தடவை திரிச்சுக்கோ, இல்லேன்னா பாதி வழியில தளர்ந்துடும். சும்மா தூக்கிப் பிடிக்காத, மண்டையோட ஒட்டினாப்ல பின்னால கொண்டு போ.

(தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு வேலை செய்கிறான். பின்னந்தலை வரைக்கும் முறுக்கு வந்து சேர்கிறது.)

தம்பி: வந்துடுச்சு! அவுரல!

அக்கா: பெரிய கிளிப்பைப் போட்டு அங்கேயே நிறுத்து. இப்ப இடப்பக்கம்.

தம்பி: இது சுலபம். அதே மாதிரிதானே... முடிஞ்சது. பாரு.

அக்கா: என்னடா இது, நெத்தியில முடியெல்லாம் முன்னால சரிஞ்சு கூரை போட்ட மாதிரி நிக்குது?

தம்பி: வலப்பக்கம் செஞ்சதையே அச்சுப் பிசகாமச் செஞ்சேன்.

அக்கா: அதான் தப்பு! அங்க எந்தப் பக்கம் திருப்பினியோ, இங்க அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பணும். ரெண்டுமே முகத்தை விட்டு வெளிய போகணும்ல? முகத்தைப் பார்த்து முறுக்கினா நெத்தியோரப் பொடிமுடி எல்லாம் முன்னால எட்டிப் பார்க்கும்.

தம்பி: கண்ணாடியில பார்த்துத்தான் செஞ்சேன்.

அக்கா: கண்ணாடியை ஏன் பார்க்குற? நீதான் பின்னாலயே நிக்கிறியே, தலையைப் பாரு! அவுத்துட்டு மறுபடி போடு.

(மறுபடி. இந்த முறை கூரை இல்லை.)

அக்கா: இப்ப ரெண்டு முறுக்கையும் பின்னால ஒண்ணு சேர்த்து ரப்பர் போடு. காதோட மேல்முனை உசரத்துக்கு. அதுக்கு மேல போனா குதிரைவால் ஆயிடும், கீழ போனா தொங்குற முடியோட கலந்து முறுக்கே தெரியாது. ரப்பர் எத்தனை சுத்து?

தம்பி: மூணு. நாலாவது போட்டா அறுந்துடும் போல இருக்கு. போட்டாச்சு. அக்கா, ஏன் அவ்வளவு ஆச்சரியமாப் பார்க்குற?

அக்கா: ஆச்சரியப்படலடா, இழுத்துக் கட்டினதுல புருவம் மேல போயிடுச்சு! தளர்த்து. இப்படி தினமும் இழுத்துக் கட்டினா காதோர முடி வேரோட சோர்ந்து, நெத்தி மேல ஏறிடும். வலிச்சா இறுக்கம் அதிகம்னு அர்த்தம்.

தம்பி: எப்படித் தளர்த்துறது? அவுத்துடவா?

அக்கா: அவுத்தே, அவ்வளவுதான். ஒரு கையால ரப்பரை அழுத்திப் பிடி. இன்னொரு கையால முறுக்கோட வெளியோரத்தைக் கிள்ளி, நூல் அளவு இழு. ரப்பர் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சு நெத்தியைப் பார்த்து வா. முறுக்கு பருமனாவும் தெரியும், என் புருவமும் வீடு திரும்பும்.

தம்பி: நல்லா உப்புது. ஒரு இடத்துல மட்டும் அதிகமா இழுத்துட்டேன், கொம்பு மாதிரி நிக்குது.

அக்கா: அந்த இடத்துல ஒரு பின் குத்தி அடக்கிடலாம். முதல்ல ரப்பரை மறைக்கணும். ரப்பரை அரை அங்குலம் கீழ இறக்கு. அதுக்கு மேல முடியை ரெண்டாப் பிரிச்சு விரலால ஓட்டை போடு. கீழ இருக்கிற வாலை மேல தூக்கி, அந்த ஓட்டை வழியா உள்ள விட்டு, கீழ இழு.

தம்பி: ஜன்னல் வழியா திருடன் இறங்குற மாதிரி... அட! ரப்பரைக் காணோம்!

அக்கா: அதோட வாலை ரெண்டாப் பிரிச்சு, பக்கத்துக்கு ஒண்ணா இழு. முடிச்சு மேல ஏறி இறுகிக்கும். இப்ப பின். டேய்! வாயிலேர்ந்து எடு!

தம்பி: பல்லால பிரிச்சாத்தானே திறக்குது.

அக்கா: பல்லும் தேயும், முனையில இருக்கிற சின்ன மொட்டும் போயிடும். மொட்டு போன பின் மண்டையைக் கீறும். அதிகமா விரிச்சாலும் பிடிப்பு போயிடும். விரல் நகத்தால பிரி. உனக்குத்தான் பாலிஷ் இல்லையே.

தம்பி: எந்தப் பக்கம் மேல? நெளிநெளியா ஒரு பக்கம், நேரா ஒரு பக்கம்.

அக்கா: நெளி உள்ள பக்கம் மண்டைப் பக்கம். முடியைப் பிடிச்சுக்கத்தான் அந்த நெளியே இருக்கு.

தம்பி: எல்லாரும் அழகுக்குன்னு மேல வெச்சுத்தானே குத்துறாங்க?

அக்கா: அதான் சாயங்காலம் தரையெல்லாம் பின் கிடக்குது. முறுக்கோட ஓரத்துல கொஞ்சம் முடியையும், அதுக்கு அடியில இருக்கிற முடியையும் சேர்த்துக் கவ்வு. முறுக்கு போற திசைக்கு எதிரா நுழைச்சு, அப்படியே புரட்டி உள்ள தள்ளு. இன்னொரு பின்னை அது மேல பெருக்கல் குறி மாதிரி போடு. பக்கத்துக்கு ரெண்டு.

தம்பி: டப்பாவுல இன்னும் 11 இருக்கு. எல்லாத்தையும் குத்திடவா? பாதுகாப்பா இருக்கும்.

அக்கா: சரியா குத்தின ரெண்டு போதும். தப்பா குத்தினா 20 குத்தினாலும் நிக்காது, தலைவலி மட்டும் நிக்கும். கொம்பு எங்க?

தம்பி: ரெண்டாவது பின்னுக்கு அடியில. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அக்கா: பின்னால போட்டோ எடுத்துக் காட்டு. (பார்க்கிறாள்.) ம்... நல்லாத்தான் இருக்கு. இடப்பக்கம் ஒரு இழை மட்டும்...

(தொட்டுப் பார்க்கக் கை தன்னால் போகிறது. கட்டைவிரல் நகத்தில் ஒரு முடி ஒட்டி, பாலிஷில் குறுக்கே கோடு.)

தம்பி: எதையும் தொட முடியாதுன்ன?

அக்கா: பேசாத. தலையாவது ஒழுங்கா இருக்கே. தலையை ஆட்டிப் பார்க்கிறேன்... அசையல. சரி, போய் டிரெஸ் மாத்திட்டு வரேன்.

தம்பி: எந்த டிரெஸ்?

அக்கா: அந்த நீல டாப்ஸ். கழுத்து குறுகலா இருக்குமே, அது.

தம்பி: தலை வழியா மாட்டுறதுதானே?

(நீண்ட மௌனம். அக்கா கண்ணாடியைப் பார்க்கிறாள். கண்ணாடி அக்காவைப் பார்க்கிறது.)

தம்பி: அதுக்கு முன்னால இந்த டி-ஷர்ட்டும் தலை வழியாத்தான் வெளிய வரணும்.

அக்கா: இதை அப்பவே சொல்றதுக்கென்ன!

தம்பி: அப்பவே கேட்டேன். சொன்ன வேலையை மட்டும் பாருன்ன.

அக்கா: முன்பக்கம் பட்டன் வெச்ச சட்டை இருக்கு. அதைப் போட்டுக்கிறேன். கத்திரிக்கோல் எடுத்துட்டு வா.

தம்பி: அய்யோ, வேணாம்க்கா! இவ்வளவு கஷ்டப்பட்டு முறுக்கியிருக்கேன், முடியை வெட்டாத!

அக்கா: முடியை யாருடா வெட்டப்போறா? டி-ஷர்ட்டை.

தம்பி: அது என் டி-ஷர்ட்டுக்கா!