வல்ஹல்லாவில் வெட்டப்படுவது ஃபிரேயரின் தங்கப் பன்றி அல்ல

‘நார்ஸ் (பழைய வட ஐரோப்பிய) கடவுள் ஃபிரேயரின் தங்கப் பன்றியைத்தான் போரில் இறந்த வீரர்கள் சேரும் மண்டபமான வல்ஹல்லாவில் தினமும் சமைப்பார்கள், மாலையில் அது உயிர்த்தெழும்’ என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. இரண்டு வெவ்வேறு பன்றிகளை ஒன்றாக்கிவிட்டார்கள்.

தினமும் சமைக்கப்படுவது சேஹ்ரிம்னிர் என்ற பன்றி. ஆண்ட்ரிம்னிர் என்ற சமையற்காரர் அதைக் கொப்பரையில் வேகவைப்பார். போரில் இறந்து, தலைமைக் கடவுளான ஓடினிடம் வந்த வீரர்களுக்கு அதுதான் உணவு. மாலையில் அது மறுபடி முழுதாகிவிடும்.

ஃபிரேயரின் தங்கப் பன்றியான குல்லின்பர்ஸ்தி உணவே அல்ல, அது அவருடைய வாகனம். பெயருக்குப் பொருளே ‘பொன் மயிர் கொண்டது’. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டூர்லுசன் எழுதிவைத்தபடி, குள்ளக் கொல்லர்கள் ஒரு பன்றித் தோலை உலையில் இட்டு அதை உருவாக்கினார்கள். துருத்தி ஊதியவன் கையில் ஒரு ஈ கடித்தும் அவன் ஊதுவதை நிறுத்தவில்லை. அந்தப் பன்றி வானிலும் நீரிலும் எந்தக் குதிரையையும்விட வேகமாக ஓடும். எவ்வளவு இருட்டானாலும் அதன் மயிரொளியில் வழி தெரியும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஓடினின் மகன் பால்டரின் ஈமச்சடங்குக்கு ஃபிரேயர் வந்ததும் இந்தப் பன்றி இழுத்த தேரில்தான்.

அப்புறம், பன்றி என்றால் விருந்து மட்டும் இல்லை. ஸ்வீடனின் டோர்ஸ்லுண்டாவில் கிடைத்த வெண்கல அச்சு ஒன்றில், வீரர்களின் தலைக்கவச உச்சியிலேயே பன்றி உருவம் இருக்கிறது.