'தியாகி' அந்தஸ்து பற்றி ஒரு திருத்தம்

பணியில் உயிரிழக்கும் ராணுவ வீரருக்கு அரசு 'தியாகி' (ஷஹீத்) அந்தஸ்து தருகிறது, சிஆர்பிஎஃப் போன்ற துணை ராணுவப் படையினருக்கு மறுக்கிறது என்று ஒரு பதிவு சொல்கிறது. நிறைய பேர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். ஆதங்கம் புரிகிறது, ஆனால் தகவல் சரியில்லை.

இந்திய அரசின் அலுவல் வழக்கில் அப்படி ஓர் அந்தஸ்தே கிடையாது. ராணுவத்துக்கும் இல்லை, துணை ராணுவத்துக்கும் இல்லை. ராணுவத்தில் 'பேட்டில் கேஷுவால்டி' (போர் இழப்பு) என்றும், துணை ராணுவப் படைகளில் 'ஆபரேஷன்ஸ் கேஷுவால்டி' (நடவடிக்கை இழப்பு) என்றும்தான் பதிவாகிறது. தலைவர்களின் இரங்கல் செய்தியிலும் தொலைக்காட்சியிலும் 'ஷஹீத்' என்று சொல்வது மரியாதைக்காக. அதற்குச் சட்ட விளைவு எதுவும் இல்லை.

நீங்களே சரிபார்க்கலாம். 2015 டிசம்பரில் உள்துறை இணை அமைச்சராக இருந்த கிரண் ரிஜிஜு இதை மக்களவையில் எழுத்துப்பூர்வ பதிலாகவே சொல்லியிருக்கிறார். மக்களவை இணையதளத்தில் கேள்வி–பதில் பகுதிக்குப் போய், உள்துறை அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த மாதத்தைத் தேடுங்கள். 2017இல் ஒரு தகவல் உரிமை மனு மத்திய தகவல் ஆணையம் வரை போனபோதும் பாதுகாப்பு, உள்துறை இரண்டு அமைச்சகங்களும் இதே பதிலைத்தான் கொடுத்தன. அப்போதைய நாளிதழ்களில் அந்தச் செய்தி இருக்கிறது.

ஓய்வூதியத்திலும் சலுகைகளிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு உண்டு என்பது தனி விவாதம். அதைத் தாராளமாகக் கேட்கலாம், ஆனால் இல்லாத பட்டத்தை வைத்து வேண்டாம்.